வண்டி எங்க போயிடப் போவுது

பொய் சொல்வதில் இருக்கிற பெரிய தொல்லை, அதை நாம் மறந்த பிறகும் நம் அம்மா மறப்பதில்லை என்பதுதான்.

நான் ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யோகோஹாமாவில், இயந்திர உதிரி பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்டாள்: "வேலைக்கி எதுலடா போற?"

சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கச்சிராயபாளையத்தில் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள், இத்தனை கடல் தாண்டி வந்தும் சைக்கிள் என்றால் எவன் மதிப்பான்? "புல்லட் ரயில்லதாம்மா" என்று சொல்லிவைத்தேன். (சும்மா ஒரு பேச்சுக்கு. சத்தியமாக.) அந்த வாரம் முடிவதற்குள் பால்காரர், கரும்பு வெட்டு மேஸ்திரி, டவுன் பஸ் கண்டக்டர் என்று ஒருத்தர் விடாமல் அம்மா சொல்லி முடித்துவிட்டாள். நான் மறந்தே போனேன்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பொய் எனக்கு ஒரு வரனைக் கொண்டுவந்து நிறுத்தியது.

பெண்ணின் அப்பா பெயர் துரைக்கண்ணு. கள்ளக்குறிச்சியில் டிராக்டர், பவர் டில்லர் விற்கிற கடை வைத்திருக்கிறார். கல்வராயன் மலை அடிவாரத்தில் தான் விற்ற வண்டி இறங்காத வயலே கிடையாது என்று அவரே சொல்வார். பெண் சரண்யா, சின்னசேலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாதகம் பொருந்தியது. இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரு கோவிலில் சந்தித்து, ஒருவர் புடவையை ஒருவர் பாராட்டித் திருப்தி அடைந்தார்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. தினமும் புல்லட் ரயிலில் வேலைக்குப் போகிற அந்த அதிசயப் பையனை மாமா தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

என் நேரம் பாருங்கள், மாமாவுக்கு மெஷின் அனுப்புகிற கம்பெனி, நன்றாக விற்றுக்கொடுத்த வியாபாரிகள் பத்துப் பேரைச் சுற்றுலாவாக ஜப்பானுக்கே அழைத்து வந்துவிட்டது. மற்ற ஒன்பது பேரும் ஒசாகாவுக்குப் போக, மாமா மட்டும் ஒரு நாள் கழன்றுகொண்டு என் அறைக்கு வந்தார். மறுநாள் சாயங்காலம் ஒசாகாவிலிருந்து எல்லோருக்கும் ஊருக்கு விமானம். காலையில் மாமாவை யோகோஹாமாவில் புல்லட் ரயில் ஏற்றிவிட்டால் போதும், ஒசாகாவில் அவர்களுடைய வழிகாட்டி வந்து அழைத்துக்கொள்வார். என் வேலை அவ்வளவுதான். ஒரு மனிதரை ஒரு ரயிலில் ஏற்ற வேண்டும். அதைக்கூடச் செய்யத் தெரியாதவனுக்கு யாராவது பெண் கொடுப்பார்களா?

முதல் நாள் எல்லாம் பிரமாதமாகப் போனது. சைக்கிளைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். மாமா அறையைச் சுற்றிப் பார்த்தார். குக்கரைத் திறந்து பார்த்தார். அலமாரியில் சட்டைகள் மடித்து இருந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். நான் வைத்த ரசத்தை இரண்டு தரம் கையில் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுத் தன் ஒரே ஆசையைச் சொன்னார்.

"தம்பி, ஃபூஜி மல, ஃபூஜி மலன்றாங்களே, ரயில்ல போனா தெரியுமா?"

"வலது பக்கம் ஜன்னல் சீட்டே எடுத்திருக்கேன் மாமா. நல்லா தெரியும். நான் தெனம் பாத்துக்கினுதான போறேன்."

(தினம் பார்த்துக்கொண்டு போகிறானாம். அந்த வாயிலேயே ரெண்டு போட வேண்டும்.)

உண்மையைச் சொன்னால், அதுவரை நான் புல்லட் ரயிலின் படியைக்கூட மிதித்ததில்லை. தெரிந்ததெல்லாம் நம் ஊர் வண்டிகள்தான். நம் ஊர் வண்டி மனிதருக்காக நிற்கும். வெள்ளிமலை பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எம் மாமியா மருந்துக்கடைக்கி போயிருக்குது, தோ வந்துடும்" என்று சொன்னால் போதும், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போவார். வழியனுப்புவதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. வழியனுப்ப வந்தவன்தான் சாமான்களோடு உள்ளே ஏற வேண்டும். சீட்டில் துண்டைப் போட்டு, பெட்டியை மேலே தள்ளி, பக்கத்து சீட்டுக்காரரிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒப்படைக்க வேண்டும். பயணம் போகிறவர் அதுவரை கீழே நின்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். வண்டி நகர ஆரம்பித்ததும் போகிறவர் ஏறுவார், அனுப்ப வந்தவன் குதிப்பான். படியில் இரண்டு பேரும் இடித்துக்கொள்வார்கள். சின்னசேலம் ஸ்டேஷனில் இந்த முறைப்படி நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர்கூடத் தவறிப்போனதில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனோம். மாமாவிடம் ஒரு பெரிய பெட்டி, ஒரு கட்டப்பை, பாஸ்போர்ட் வைத்த தோள்பை ஒன்று. மூன்றையும் நானே பிடுங்கிக்கொண்டேன். வருங்கால மாமனாரைச் சுமக்கவிட்டால் என்ன மரியாதை? "நீங்க கைய வீசிக்கினு வாங்க மாமா" என்றேன். அவருடைய டிக்கெட்டும் என் கையில். எனக்கென்று ஒரு பிளாட்பாரம் டிக்கெட். அவர் கையில் இருந்தது என் போன் மட்டும்தான். அவருடைய போன் அங்கே வேலை செய்யவில்லை என்பதால், என்னுடையதில் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்திருந்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அத்தையும் சரண்யாவும் காபி டம்ளரோடு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

நீள மூக்கோடு ரயில் வந்து நின்றது. வரிசை கட்டி நின்றிருந்த ஜப்பான்காரர்கள் சத்தமில்லாமல் ஏறினார்கள்.

"மாமா, ஏறலாம்."

"நீங்க போய் சாமான வைங்க தம்பி. உள்ள போனா சிக்னல் பூடும். ஒரு வார்த்த பேசிட்டு வந்துடறேன்."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் தினம் புல்லட் ரயிலில் போகிறவன் அல்லவா? பெரிய அனுபவசாலி மாதிரி, போனில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "நிதானமா வாங்க மாமா. வண்டி எங்க போயிடப் போவுது?"

சொல்லிவிட்டு உள்ளே போனேன். நம்பர் போட்ட சீட்டு. மாமாவைத் தவிர உலகத்தில் யாரும் அதில் உட்காரப்போவதில்லை. இருந்தாலும் கட்டப்பையிலிருந்து துண்டை எடுத்து விரித்துப் போட்டேன். பெட்டியை மேலே தள்ளினேன். பக்கத்து சீட்டில் ஒரு வயதான ஜப்பான்கார அம்மா. முறை தவறக்கூடாதே என்று, துண்டைக் காட்டி, கும்பிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அந்தம்மா எழுந்து நின்று குனிந்தார்கள். பதிலுக்கு நான் குனிந்தேன். அவர்கள் மறுபடி குனிந்தார்கள். பெரியவர்கள் குனியும்போது நாம் சும்மா போனால் நன்றாக இருக்குமா? நானும் மறுபடி குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பிளாட்பாரம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம் இதுதான். ஒரு உறுமல் கிடையாது. ஒரு குலுங்கல் கிடையாது. "போலாம் ரைட்" கிடையாது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, திருடன் மாதிரி கிளம்புவதெல்லாம் ஒரு வண்டியா? ஒரு நிமிஷத்தில் வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு பூசணிக்காய்கூட ஏறாது.

ஜன்னலுக்குப் பாய்ந்தேன். திறக்க முடியாத கண்ணாடி. அதில் இரண்டு கையாலும் அடித்து "மாமா! மாமா!" என்று கத்தினேன். வெளியே மாமா சரியாக அந்த நேரம் பார்த்து, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ரயிலைக் காட்டுவதற்காகப் போனைத் திருப்பிப் பிடித்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் என் முகத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் சிரித்து, எனக்கு டாட்டா காட்டினார். பாதி டாட்டாவில்தான் போக வேண்டியவர் தான் என்பது அவருக்கு உறைத்தது. அந்தக் கை அப்படியே மேலே நின்றதுவரை பார்த்தேன். அதற்குள் ஊரே போய்விட்டது.

இழுப்பதற்குச் சங்கிலி தேடினேன், கிடையாது. கதவுக்கு மேலே எழுத்து ஓடியது. அடுத்த நிறுத்தம் நகோயா. ஒரு மணி இருபது நிமிஷம் எங்கேயும் நிற்காது. மாமாவின் டிக்கெட் என்னிடம், பாஸ்போர்ட் என்னிடம், பெட்டி என்னிடம், அவர் மட்டும் என்னிடம் இல்லை. சாயங்காலம் விமானம். ஒரு வார்த்தை ஜப்பான் மொழி தெரியாத மனிதர். போன் போடலாம் என்றால் என் போனும் அவரிடம். யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால் என்னுடைய புது நம்பர் எனக்கே தெரியாது. (தன் நம்பருக்குத் தானே யார் பேசுவார்கள்?) பெண் போச்சு, மானம் போச்சு, எல்லாம் போச்சு என்று துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பான் மொழியில், கையையும் காலையும் ஆட்டி நிலைமையை விளக்கினேன். பிளாட்பாரத்தில் மாமா, ரயிலில் நான். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குனிந்துவிட்டுப் போனார். அதற்குள் வலது பக்கம் ஃபூஜி மலை வந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. பெட்டியில் இருந்த எல்லோரும் ஆ ஊ என்று படம் எடுத்தார்கள். மாமாவின் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பரிசோதகர் திரும்பி வந்து, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார்: "நகோயா. ப்ளீஸ் வெயிட். யுவர் வொய்ஃப் சே."

உங்கள் மனைவி நகோயாவில் காத்திருக்கச் சொல்கிறார். எனக்கு வந்ததே கோபம்! எனக்கு ஏதய்யா மனைவி? இருந்த ஒரே வாய்ப்பைத்தான் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! இது வேறு எவனுக்கோ வந்த சேதி, ஆள் மாறி என்னிடம் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். தலையை மட்டும் நன்றாக ஆட்டிவைத்தேன்.

நகோயாவில் இறங்கினதும் நான் செய்த காரியம், மூன்று சாமான்களையும் தூக்கிக்கொண்டு, எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடி, திரும்பிப் போகிற ரயிலில் ஏறியதுதான். ஆளைத் தொலைத்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பானா ஒருத்தன்? நகோயாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு ரயில் 'விர்'ரென்று போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் காணோம். அதில்தான் மாமா போனார்.

ஆமாம். நடந்தது இதுதான். நான் போன அடுத்த நிமிஷம், கள்ளக்குறிச்சியில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சரண்யா தன் அப்பாவிடம், "பக்கத்துல யாரு யூனிபாரம் போட்டுக்கினு நிக்கிறாங்களோ, அவங்க கைல போன குடுப்பா" என்றிருக்கிறாள். ஸ்டேஷன்காரரிடம் ஆங்கிலத்திலும், புரியாததை மொழிபெயர்த்து எழுதிக் காட்டியும் பேசி, அப்பாவை அடுத்த ரயிலில் ஏற்றவைத்து, என் ரயிலுக்கும் சேதி சொல்லியிருக்கிறாள். இவ்வளவு உரிமையாக ஒருத்தி பேசினால் ஸ்டேஷன்காரர் என்ன நினைப்பார்? மனைவி என்றே எழுதிக்கொண்டார். உலகத்தில் முதன்முதலில் அவளை என் மனைவி என்று சொன்னது ஜப்பான் ரயில்காரர்கள்தான். அவள் பேச்சைக் கேட்காமல் நான் கெட்டுப்போன முதல் சம்பவமும் அதுவே.

இதெல்லாம் தெரியாமல் நான் யோகோஹாமாவில் போய் இறங்கி, கட்டப்பையும் கையுமாகப் பிளாட்பாரத்தில் அலைந்தேன். (வழியில் ஃபூஜி மலை இன்னொரு தரம்.) யூனிபாரம் போட்ட ஒருவர் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, போன் பேசி, என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, "நகோயா" என்று காட்டினார். அடுத்த ரயிலில் அவரே உள்ளே வந்து உட்காரவைத்து, பரிசோதகரிடம் ஒப்படைத்துவிட்டு, கதவு மூடுவதற்கு முன் சரியாக இறங்கிக்கொண்டார். பாருங்கள், வழியனுப்புகிற முறை அவருக்கும் தெரிந்திருக்கிறது. கூடவே நேரமும் தெரிந்திருக்கிறது. (ஃபூஜி மலை, மூன்றாம் தரம்.)

நகோயா ஸ்டேஷன் அறையில் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பச்சை டீ. என் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் சரண்யா இன்னும் இருந்தாள்.

"வந்துட்டாராப்பா?" என்று போன் கேட்டது.

"ம்" என்றார் மாமா. எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிளாட்பாரம் வரைக்கும் பிடித்தபடியே வந்தார். ரயிலில் என்னை ஜன்னல் ஓரம் தள்ளி, தான் வழிப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஒசாகாவில் அவருடைய குழு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தது. ஒன்பது பேரும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பை அடக்குகிற கஷ்டம் தெரிந்தது.

பஸ் படியில் நின்று தயங்கிச் சொன்னேன்: "மன்னிச்சிக்குங்க மாமா. ஃபூஜி மல பாக்க முடியாம போச்சி."

"மலதான, எங்க வூட்டு மாடில நின்னா கல்வராயன் மல தெரியுது. அது போதும்" என்றார். பிறகு, "ஊருக்கு போய் தகவல் சொல்றேன் தம்பி."

கல்யாணப் பேச்சில் இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று பொருள். நான் பஸ் பிடித்து யோகோஹாமாவுக்கு வந்தேன். சைக்கிளை மறைவிலிருந்து எடுத்து வைத்தேன். பத்து நாள் சோறு இறங்கவில்லை. அம்மா போன் செய்தபோதெல்லாம் வேலை ஜாஸ்தி என்று வைத்துவிட்டேன்.

பதினோராம் நாள் சரண்யாவே பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லுங்க. நீங்க டெய்லி புல்லட் ரயில்லதான் வேலைக்கி போறீங்களா?"

இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? "இல்லீங்க, சைக்கிள்ல."

"அதுக்கு முன்னால ஏறுனதே இல்லியா?"

"அன்னிக்கிதான் மொத தடவ. ஒரே நாள்ல நாலு தடவ ஏறிட்டேன்."

சிரித்தாள். நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "அப்பா வேணான்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒத்துக்கல. கண்ணாடில உங்க மூஞ்சி தெரிஞ்சிது பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன். பொய் சொல்லிட்டு மாட்டிக்கினா, எழுதி ஒட்டுன மாதிரி அப்பிடியே தெரியுது. இந்த மூஞ்சிய வெச்சிக்கினு நீங்க ஆயுசுக்கும் என்ன ஏமாத்த முடியாது. எனக்கு அது போதும்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் போன் கை மாறியது. "மாப்ள," என்றார் துரைக்கண்ணு மாமா, முதல்தடவையாக. "துண்டு ஒண்ணு கம்மியா இருக்குது. ரயில்லியே வுட்டுட்டீங்களா?"

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். மாமா கடைக்குப் பக்கத்திலேயே மெஷின் பழுது பார்க்கிற பட்டறை. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு விஷயம் தவிர. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரை வழியனுப்பப் போனாலும் நான் வண்டியின் படியில் கால் வைக்கக்கூடாது என்று சட்டம். சரண்யா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சின்னசேலம் ஸ்டேஷனில் டீ விற்கிறவருக்குக்கூட இது தெரியும்.

போன மாதம் மாமா சென்னைக்குக் கிளம்பினார். எப்போதும் தாமதமாக வருகிற ரயில் அன்று சரியான நேரத்துக்கு வந்தது. மாமா ஏறிக் கதவோரம் நின்றார். நான் சட்டப்படி கீழே. கையில் அவருடைய தோள்பை.

"பையப் புடிங்க மாமா."

அவருக்கு எங்கே அதற்கு நேரம்? பெட்டியில் இருந்த புது ஆட்களைப் பார்த்ததும் கதையை ஆரம்பித்துவிட்டார். ஜப்பான், துண்டு, கண்ணாடி, டாட்டா என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லோரும் என்னையும் என் சட்டையைப் பிடித்திருந்த சரண்யாவையும் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாமா, பையி!"

"மெதுவா குடுங்க மாப்ள" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி என் குரலில் சொன்னார். "வண்டி எங்க போயிடப் போவுது?"

பெட்டியே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் வண்டி நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். சட்டை சரண்யாவின் கையில் இறுகியிருந்தது. மாமா கதவில் தொங்கிக்கொண்டு "மாப்ள, பையி! பையி!" என்று கத்திக்கொண்டே போனார். பழக்க தோஷத்தில் நான் டாட்டா காட்டினேன்.

"அப்பாவுக்கு போன் போடுங்க" என்றாள் சரண்யா. போட்டேன். பை அடித்தது.

இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சொன்னவர் மாமா. பையை வாங்காதவரும் அவர். சட்டையைப் பிடித்தது அவர் பெண். ஆனால் இரண்டு வீட்டிலும் இப்போது இந்தக் கதையையும் என் தலையில்தான் கட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.